பிரேக் சத்தம் நின்றுபோன பள்ளி வேன்

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தகப்பன்,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
எறணாகுளம் மாவட்டம்.

பொருள்: தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்றாமல் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேனை நிறுத்திச் சோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். ஒரே ஒரு முறை பேசிச் சிரிப்புக்கு ஆளானவன், அதன்பின் பேசவில்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன்.

1. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக் குழந்தைகள் கலூரில் உள்ள பள்ளிக்கு ஒரே வேனில் போகிறார்கள். வேன் சங்கச் செயலாளர் ரமேஷ்பாபு அவர்களுடையது. ஓட்டுபவர் வெங்கிட்டு. நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்கிறாள்.

2. ஓணம் விடுமுறைக்குப் பிறகு, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம் எழுந்தது. பேட் தேய்ந்து மெலிந்தால் அதிலுள்ள சிறு தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசிச் சத்தமிடும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று தெரிவிக்கவே அந்தத் தகட்டை வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் காது கூசுகிறது என்று செயலாளரிடம் குறை சொன்னார்கள். அவர் வண்டியை ஒரு வர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. வாட்ஸாப் குழுவில் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று போட்டார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

3. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் வேன் நின்றிருந்தபோது செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். பேட், தன்னைத் தாங்கும் இரும்புத் தகட்டைவிட மெலிந்து கிடந்தது. சத்தமிடும் தகட்டை மட்டும் விலக்கி மடக்கிவிட்டிருந்தார்கள். வெங்கிட்டுவைக் கேட்டேன். “சத்தம் நிக்கணும்னுதான் முதலாளி சொன்னார், சாரே. பேடு மாத்தணும்னு நான் சொன்னா, ‘நீ ஓட்டினாப் போரும்’பார்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

4. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வருடாந்திரத் தகுதிச் சோதனைக்கு முன்பு புதுப் பேடு போடுவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கமாம். “மே மாசம் டெஸ்ட். அதுக்கு முன்னாலே மாத்திடலாம்” என்றார் செயலாளர். பேட் நாள்காட்டி பார்த்துத் தேய்வதில்லை என்றேன். அதற்கு அவர் கூட்டத்தைப் பார்த்து, “எலெக்‌ஷன்லே தோத்ததுலேர்ந்து இவருக்கு என் வண்டியிலே எல்லாமே தேய்ஞ்சுதான் தெரியறது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தலை குனிந்துகொண்டாள்.

எதையும் மறைக்க விரும்பவில்லை, ஐயா. செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்று தோற்றவன் நான். அவரை எனக்குப் பிடிக்காது. அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அது உண்மை. பேட் தேய்ந்திருப்பதும் உண்மை. ஒன்றால் மற்றொன்று பொய்யாகிவிடாது என்பதைப் படித்தவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்துக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை.

5. சென்ற வாரம் மழையில், யூதர் தெருவான ஜூ டவுன் சந்தில் வேன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டியில் போய் இடித்து நின்றது. வண்டிக்காரர் தாவி ஒதுங்கியதால் தப்பினார். அன்று இரவு சாப்பிடும்போது என் மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். “வெங்கிட்டு மாமா மிதிச்ச உடனே நாங்க எல்லாரும் ‘நில்லு வேனே நில்லு’ன்னு கத்துவோம்பா. அப்பறம்தான் நிக்கும். நல்ல ரசமா இருக்கும்.” வேனில் இது வெகுநாளாக நடக்கும் விளையாட்டாம். கையில் எடுத்த சோற்றை நான் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

6. சில நாட்கள் அவளை அனுப்பவில்லை. நானும் மனைவியும் வேன் போனதுமே வேலைக்குக் கிளம்புகிறவர்கள். பள்ளிவரை கொண்டுவிட ஆளில்லை. தேர்வு நெருங்குகிறது என்று வீட்டில் சண்டை வந்தது. இப்போது மறுபடியும் அதே இருக்கையில் போகிறாள். அவள் ஏறியதும் வேனின் கதவை நான்தான் சாத்துகிறேன். பிறகு அது தெருமுனையில் திரும்பும்வரை அசையாமல் நிற்கிறேன். வேறெதுவும் செய்ய எனக்குத் திராணியில்லை.

ஆகவே, ஏதாவதொரு காலையில் இந்த வேனை, அது போகும் வழியிலுள்ள தோப்பும்படியில் நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மே மாதம்வரை காத்திருக்க வேண்டாம். பேடு மாற்றுவது சிறிது நேர வேலை.

இணைப்பு: வேனின் எண் பலகை, முன்சக்கரம் ஆகியவற்றின் புகைப்படங்கள்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 24.10.2024

இப்படிக்கு,

இந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஐயா. பெயரில்லாத மனுக்கள் பெரும்பாலும் குப்பைக் கூடைக்குப் போகும் என்பதை அறிவேன். ஆனால் என் பெயர் இருந்தால் விசாரணை என்னிடமிருந்து தொடங்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் தேர்தல் கதையைச் சொல்வார்கள். எல்லாம் பழைய பகை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மேலே எழுதியதை வைத்து நான் யாரென்று ஊகித்துவிடலாம்; ஆனாலும் தாளில் பெயர் இல்லாவிட்டால் விசாரிப்பதற்கு வேன் மட்டும்தான் இருக்கும். கையெழுத்திடாமல் தபாலில் சேர்க்கிறேன்.