எண் பலகை பிடித்தவன் எழுதும் பதில்

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் நலமாக இருக்க வேண்டும், இங்கே இடது முழங்காலைத் தவிர நான் நலம். கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன, ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. ஆமாம், உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எழுபத்தொன்பது வயதில், நூலகத்தில், ஒடெஸா என்கிற ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள் கற்றுக்கொடுத்தார். பிப்ரவரியிலிருந்து செவ்வாயும் வியாழனும் போகிறேன், வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது பேருந்துப் பலகை, மருந்து பாட்டில், சோப்பு உறை எதையும் விடுவதில்லை. கடையில் சூப் டப்பாக்களைப் படித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றதற்குத் திட்டு வாங்கினேன், அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் கடிதத்தை அந்தச் சந்தோஷத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்குக் கோபத்தில் இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிடச் சங்கக் கூடத்துக்குப் போனேன், உன் மாமா நார்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டிவியில் நம்ம ஊர் அணியின் அந்தப் பழைய கால்பந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டார்கள். எந்த ஆட்டம் என்று உனக்குத் தெரியும். எழுபத்தேழு டிசம்பர், முழங்கால் வரை பனி, மைதான ஓரத்தில் எண் பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நான். எத்தனையாவது வாய்ப்பு என்று காட்டுவதுதான் என் வேலை. எந்த அணிக்கும் நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜம் போகாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. அந்தப் பனியில் நடுவர்களும் என் பலகையைப் பார்த்தே எண்ணினார்கள், எதிர் அணிக்கு ஐந்து வாய்ப்பு கிடைத்தது, ஐந்தாவதில் கோட்டைத் தாண்டி நம்மைத் தோற்கடித்தார்கள். படிக்காத காஸிமிருக்கு நாலு வரைகூட எண்ணத் தெரியவில்லை என்று ஊரே சொன்னது. உருக்காலையில் என் சாப்பாட்டுப் பெட்டி மேல் தினமும் யாராவது சாக்பீஸால் ஐந்து போட்டு வைப்பார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் 'ஏய் அஞ்சு, உங்கப்பனுக்குக் கையில எத்தனை விரல்' என்று கேட்டதும், பத்தொன்பது வயதில் நீ ஊரை விட்டே போனதும் அதனால்தான். போகப் போக நானும் நம்பிவிட்டேன், கை மரத்துப்போய் ஏதோ தப்புச் செய்திருப்பேன் என்று.

கூடத்தில் ஒருவன் 'காஸிமிர், எத்தனை துண்டு மீன் தின்னே, நாலா அஞ்சா' என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அந்த இடம் வந்தது. அன்றைக்குக் காட்டாத வேறொரு கேமராவில் எடுத்த படமாம். ஆரஞ்சுச் சட்டையில் நான் நிற்கிறேன், மூன்றாவது முடிந்ததும் பலகையை நாலுக்குத் திருப்புகிறேன், சரியாகத் திருப்புகிறேன் பெர்னி. உடனே எங்கள் பலகைக் குழுவின் தலைவன் ஓடி வந்து மூன்று விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக் கத்துகிறான், நான் மறுபடி மூன்றாக மாற்றுகிறேன். அந்தத் தலைவன் உன் மாமா. அடுத்து, அந்த ஐந்தாவது வாய்ப்பைப் பற்றி நடந்த விசாரணைக்குக் கொடுத்த காகிதம் என்று ஒன்றைத் திரையில் காட்டினார்கள், அடியில் என் கையெழுத்து. அது ஒன்றைத்தான் உன் அம்மா எனக்குப் பழக்கிவிட்டுப் போனாள். ஆட்டத்துக்கு மறுநாள் ஆலை வாசலில் நார்பர்ட் நீட்டிய காகிதம் அது, வருகைப் பதிவு என்றான், போட்டேன். பாரில் இருக்கும் ஃபிலிஸ் படத்தை நிறுத்திவிட்டு 'அதுல என்ன எழுதியிருக்கு' என்று கேட்டாள். நார்பர்ட் என் தோளைத் தட்டி 'ஒண்ணுமில்ல காஸிமிர், அன்னைக்கு நீ வேலைக்கு வந்தேன்னு இருக்கு, மீன் ஆறுது, சாப்புடு' என்றான். நாற்பது வருஷமாக எனக்கு வரும் காகிதங்களைப் படித்துச் சொல்கிற அதே குரல். நான் எழுந்து போய் டிவியில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். எண்ணைத் தவறாக மாற்றியது நான் மட்டுமே, தலைவர் தடுத்தும் கேட்கவில்லை, நான் குடித்திருந்தேன். கடைசிச் சொல்லுக்கு இரண்டு தடவை முயற்சி செய்தேன். 'எப்படா படிக்கக் கத்துக்கிட்டே' என்றான் நார்பர்ட். அவன் வாயில் முதலில் வந்தது அதுதான். 'உன்னை நம்பினதால இவ்வளவு நாளாச்சு' என்றேன். ஃபிலிஸ் அவன் பீரை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிட்டு 'உன் கோட்டு அங்க தொங்குது' என்றாள்.

அத்தோடு ஆறியிருப்பேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் உறைத்தது, உன் கடிதங்களையும் அவன்தான் எனக்குப் படித்துச் சொன்னான். மறுநாள் பெட்டியைத் திறந்தேன். எண்பதாம் வருஷம் நவம்பரில் நீ எழுதியது. வேலை அதிகம், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று அவன் படித்தான். காகிதத்தில் இருப்பதோ, அப்பா, ஊர் சொல்வதை நான் நம்பவில்லை, நீங்கள் தப்பு செய்தீர்களா இல்லையா என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள், பதில் வந்த அன்றே கிளம்பி வருகிறேன், வராவிட்டால் இனி கேட்க மாட்டேன். நீ கேட்கவில்லை. ஃபோனில் நாற்பது கிறிஸ்துமஸ் நாம் பனியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிய பதிலில் என்னத்தை எழுதித் தொலைத்தானோ. அது உன்னிடம் இருந்தால் அனுப்பு, நான் படிக்க வேண்டும். நேற்று வாசலில் வந்து நின்று 'குடும்பத்துக்குள்ள இதைப் பெருசு பண்ணாதே' என்றான், கதவைச் சாத்தினேன்.

நீ கேட்டதற்கு என் பதில் இது. நாலு என்று சரியாகத்தான் திருப்பினேன். அவன் கத்தியதும் பயந்து மூன்றாக மாற்றினேன், அந்தக் கோழைத்தனம் என்னுடையது, மறைக்க மாட்டேன். குடிக்கவில்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது என் வார்த்தை இல்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம், உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. கார் டயர்களைப் பனி விழுமுன் மாற்றச் சொல், மாப்பிள்ளை தள்ளிப்போடுகிறவர். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். பெட்டியில் உன் கடிதங்கள் இன்னும் முப்பத்தொன்று இருக்கின்றன, ஒன்றுக்கும் நான் சொன்ன பதில் உனக்கு வந்திருக்காது. அடுத்த வாரம் எண்பத்தொன்றாம் வருஷத்துக் கடிதத்துக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா
காஸிமிர்