தற்காலிகம். தொடாதே.

மார்ச் 3, செவ்வாய்

மென்பொருளின் பகுதிகளைச் சேர்த்துக் கட்டும் பில்ட் இன்று பதினோரு தடவை விழுந்தது. எங்கள் மென்பொருள் பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் சீட்டு அச்சிடுகிறது. அச்சிடும் பகுதிக்கு, தேதிகளைக் கணக்கிடும் ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரியின் இரண்டாம் வெர்ஷன் வேண்டும். புதிதாக வாங்கிய குறுஞ்செய்திப் பகுதிக்கு மூன்றாம் வெர்ஷன்தான் வேண்டும். பில்ட் கருவி இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே விடும்.

மேலாளர் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும்மா. இல்லன்னா உன் கான்ட்ராக்ட்ட நீட்டச் சொல்லி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது?"

அவர் மூஞ்சியைப் பற்றி எனக்கென்ன. ஒப்பந்தம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. நான்கு வருடமாக மும்மூன்று மாதமாக நீட்டுகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டைக்குச் சிவப்புக் கயிறு. நிரந்தர ஊழியர்களுக்குப் பச்சை. பச்சைக்கு மேல்மாடியில் உணவறை. சிவப்புக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, அதிலும் ஒரு கால் ஆடும்.

மார்ச் 4, புதன்

கண்டுபிடித்தேன். பில்ட் கோப்பில் 212-ஆம் வரி. எல்லாப் பகுதிகளையும் இரண்டாம் வெர்ஷனே எடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறது. மேலே ஒரு குறிப்பு: "தற்காலிகம். தொடாதே." எழுதி ஒன்பது வருடம் ஆகிறது.

அதாவது — தற்காலிக வரி ஒன்பது வருடமாக அசையாமல் குந்தியிருக்கிறது. நாயாக உழைக்கும் நான் தற்காலிகம்.

பக்கத்து இருக்கைப் பச்சைக்கயிற்றிடம் கேட்டேன்.

"அது பக்கமே போகாத. போன வருஷம் ஒருத்தன் எடுத்தான். எல்லாச் சீட்டுலயும் ஒரே தேதி விழுந்துச்சு. முந்நூறு பேரு ஒரே காலைல பல்லு புடுங்க வந்து நின்னாங்க."

"எடுத்தவன் எங்க?"

"அவனும் சிவப்புதான்."

மாலை, கோப்பின் வரலாற்றைப் புரட்டினேன். 212-ஐ எழுதியது மேலாளர். அன்று அவர் மின்னஞ்சல் முகவரியின் வாலில் ஒப்பந்தக்காரர் குறி, என்னுடையதில் இருக்கிற அதே வால். ஐந்து மாதம் கழித்து வால் இல்லை; நிரந்தரம். வரியை எடுத்தால் என்ன ஆகும் என்று அன்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் வரியையும் எடுக்கவில்லை, ஆளையும் எடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது போட்டால் சீட்டு செத்தது. இரண்டாவது போட்டால் குறுஞ்செய்தி செத்தது. இரண்டையும் போட்டால் நான்.

மார்ச் 6, வெள்ளி

ஓடிவிட்டது. பழைய 212-ஐத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் எல்லாப் பகுதிக்கும் மூன்றாவதைக் கொடுக்கும் வரியைப் போட்டேன். அச்சிடும் பகுதிக்கு மட்டும் இரண்டாவதன் நகலைப் பெயர் மாற்றி அதற்குள்ளேயே கட்டிவைத்தேன். பெயர் வேறு என்பதால் கருவிக்குச் சண்டையே தெரியவில்லை. ஏன், எப்படி, எப்போது எடுக்கலாம் என்று அதன் மேலே பதினான்கு வரி விளக்கமும் எழுதினேன். நான் அவரைப் போல இல்லை.

மேலாளர் என் திரையில் குனிந்து படித்தார். "பிரமாதம்மா. இவ்ளோ தெளிவா எழுதிட்டியே. இனிமே யாரு வேணாலும் பாத்துக்கலாம். திங்கக்கெழம அனுப்பிடு."

யாரு வேணாலும்.

"அப்ப என் கான்ட்ராக்ட் சார்?"

"பாக்கலாம்மா. இப்ப அவசரம் ஒண்ணும் இல்லையே."

மார்ச் 8, ஞாயிறு

அம்மா போனில். "வேல ஓடுதா?" "ஓடுதும்மா." "அப்புறம் ஏன்டி அழுவுற?" அழவில்லை. சளி.

மார்ச் 9, திங்கள்

பதினான்கு வரியையும் அழித்தேன். அந்த இடத்தில் இரண்டு சொல் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 30, திங்கள்

நாளையோடு ஒப்பந்தம் முடிகிறது; மேலாளர் என் திரையில் 212-ஐத் திறந்தார். "விளக்கம் எங்கம்மா?"

"சுருக்கிட்டேன் சார்."

படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "எங்கிட்டயேவா?"

"உங்ககிட்டருந்து கத்துக்கிட்டதுதான் சார்."

சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு யாருக்கோ போன் செய்தார்.

ஜூன் 12, வெள்ளி

பச்சைக் கயிறு கழுத்தை அரிக்கிறது. மேல்மாடி உணவறையில் மேசை ஆடுவதில்லை.

என் பழைய இருக்கைக்கு வந்திருப்பவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சிவப்பு. இன்று தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம், இந்த 212 எதுக்குன்னு புரியல. எடுத்துப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்க," என்றேன். "தற்காலிகம்தான்."