மூலையில் வைத்த ஸ்பீக்கர்

அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீ நம்பாவிட்டாலும்.

முதலில் அப்பாவுக்குக் கஷாயத்தை நிறுத்து. அவருக்குச் சளியே இல்லை. கட்டிலுக்கு இடம் வேண்டுமே என்று ஸ்பீக்கர் இரண்டையும் அறை மூலையில் தள்ளி வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் எந்தக் குரலும் கனத்துத்தான் கேட்கும். அவர் போனில் பேசி அனுப்புவதை அதில் கேட்டுவிட்டுத்தான், சளி என்று நினைத்து, கஷாயம் போட்டுக் கொடு என்று உன்னை விரட்டினேன்.

அதே காதோடு வேலைக்கு வந்த ஒரு படத்தின் பேச்சு ஒலியையும் சரிசெய்திருக்கிறேன். இல்லாத கனத்தை வெட்டி வெட்டி அனுப்ப, "தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கு, இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளப் பார்த்துக்கறோம்" என்று படக்காரர் திருப்பிவிட்டார். விடுவேனா? கட்டிலை வெளியே தள்ளினேன். ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டு இழுத்து, அவை இரண்டும் என் தலையும் முக்கோணமாக அமையும்படி, காது உயரத்தில் நிறுத்தினேன். இப்போது படுக்கை தரையில்தான், முதுகுக்கு நல்லதாம். முதலிலிருந்து மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை திரும்பி வராது.

சுவரில் எதிரொலி அடங்க, நீ போர்த்திக்கொள்ளும் போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நேற்று அப்பா பேசியதை மறுபடி போட்டேன். "இங்க எல்லாரும் சௌக்கியம், நீ வேலையப் பாரு" என்கிறார். பின்னால் நீ மெல்ல, "எப்ப வருவாளாம்னு கேளுங்களேன்" என்கிறாய். அவர் கேட்கவே இல்லை.

எனக்குக் கேட்டுவிட்டது, அம்மா. படத்தை முடித்ததும் வருகிறேன்.

அவசரத்தில்,
உன் மகள்