காபோவைக் கழற்றாமல் வாசித்தேன்

விக்கிரமங்கலம்
புதன்கிழமை

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கோழிக் கிறுக்கல் என்று ஒதுக்காமல் கடைசிவரை படி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது, கலைச்செல்வன் மாமா பெரம்பலூரில் வீடு மாறிவிட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, இவ்வளவு எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

நம் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த தமிழழகன் துபாய்க்குப் போய்விட்டான், வெள்ளிக்கிழமை அரியலூர்க் கல்யாண வரவேற்பில் அவன் இடத்தில் நான் நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாகப் பின்னால் நின்று பாட்டுக்குத் துணையாகக் கார்டு மட்டும் அடித்தவன் நான். அதற்குத்தானே நீ வேலை முடிந்து வந்த அசதியிலும் ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு கார்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிவு செய்து அனுப்பினாய், அதன்மேல் ஏ மைனர் ஸ்கேலின் சுரங்களை ஓட்டித் தனியாக வாசித்துப் பழகச் சொன்னாய். ஓட்டினேன், பத்து நாளாகியும் ஒரு சுரம்கூட ஒட்டவில்லை. எனக்கு வயசாகிவிட்டது, விரல் போய்விட்டது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டு, வெளியே உன்னைக் கூப்பிட்டு, கார்டைத் தப்பாக வாசித்திருக்கிறாய், உனக்குக் காதே கிடையாது என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

நேற்று ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் கோகுலகிருஷ்ணன் என் கிட்டாரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அண்ணே, காபோவக் கழட்டாமயா வூட்டுல வாசிச்சீங்க?" என்றான். நம் பாடகி ஜெயசித்ராவின் குரலுக்குத் தோதாகக் கம்பிகளை அழுத்தும் அந்தக் காபோ கிளிப்பைக் கிட்டார்க் கழுத்தில் மூன்றாவது கட்டத்தில் மாட்டி வருஷக்கணக்காகிறது, அது இருப்பதே என் கண்ணில் படுவதில்லை. கட்டத்தையே அதிலிருந்துதான் எண்ணுகிறேன், ஏ மைனர் என்று நான் பிடித்ததெல்லாம் சி மைனராக ஒலித்திருக்கிறது, உன் கார்டோடு எப்படி ஒட்டும்? நீ வாசித்ததில் ஒரு குறையும் இல்லை தாயி. அத்தனை பேர் முன்னால் தனியாக வாசிக்க எனக்குப் பயம், அதைக் கொண்டுபோய் உன் தலையில் கொட்டிவிட்டேன். அப்பாவை மன்னித்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். அன்றைக்குக் கோபத்தில் உன் பதிவைப் போனிலிருந்து அழித்துவிட்டேன், அதைத் திரும்ப அனுப்பு. பழகுவதற்குக் கோகுலகிருஷ்ணன் வேறொரு பதிவு கொடுத்திருக்கிறான், காபோவைக் கழற்றிவிட்டு வாசித்தால் அதன்மேல் ஸ்கேல் ஒழுங்காக உட்காருகிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று தாளம் எண்ணும் உன் குரல் அதில் இல்லை. அதைக் கேட்காமல் மேடை ஏற எனக்குக் கால் வராது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும் அப்பா,
மணிவேல்