வயிற்று ஆபரேஷனும் உன் அப்பாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். இங்கே என் சர்க்கரையும் முட்டி வலியும் வழக்கம்போல, அவற்றைவிடப் பெரிய தொல்லை உன் அப்பாதான்.

எடை குறைய வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். போனில் சொன்னால் பதறுவாய், அதனால்தான் கடிதம். போன உடனே படுக்கப்போட்டு அறுத்துவிட மாட்டார்களாம், ரத்தப் பரிசோதனை, தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்ப்பது, சாப்பாட்டு ஆலோசகர், மனநல ஆலோசகர், எல்லாரும் சரி என்ற பிறகுதான் தேதி, மூன்று மாதமாவது ஆகும். சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவது நான், திருத்துவது அப்பா. இரண்டு பிஸ்கட் என்று எழுதினால் அடித்து நான்கு என்று போடுகிறார். நான்குதான், அது வேறு விஷயம்.

போன வாரம் மனநல ஆலோசகரிடம் போனோம். கேள்வி எனக்கு, பதில் இவர் வாயிலிருந்து. எதுக்கும்மா இந்த ஆபரேஷன் வேணும்னு நினைக்கிறீங்க என்று அந்தப் பெண் கேட்டதும், முட்டி வலிம்மா, மாடி ஏற முடியல என்று இவர் முந்திக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம், கொஞ்சம் வெளிய இருங்க, முட்டி என்னுது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது, அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். இஸ்திரிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறேன் என்று முதலாளியம்மா ஒரு ஸ்டூல் போட்டாள், மூன்றாம் நாளே அது முறிந்து துணிக்குவியலோடு விழுந்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். நாலு பேர் பேசாமல் தூக்கிவிட்டார்கள், அதுதான் தாங்கவில்லை பாப்பா.

வெளியே வந்தால், என்ன சொன்ன, என்ன சொன்ன என்று பஸ் வரும்வரை நச்சரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் யார் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் மூன்று வரி விட்டிருந்தார்கள், இந்த மனுஷன் மூன்றிலும் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். கேட்டால், வேற யாரு பார்ப்பா என்கிறார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அப்பாவிடம் ஸ்டூல் விஷயத்தை உளறிவிடாதே. படிவத்தில் இரண்டாவது வரியில் இருந்த அப்பா பெயரை அடித்து உன் பெயரை எழுதிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. லீவுக்குச் சொல்லி வை.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
அம்மா