என் கழுத்துக்கு வராத மாலை

சார்,

எங்கள் கடை ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒரு கால் ஆடுகிறது. இன்று காலை அதற்கு அடியில் உங்கள் நாவலை வைத்தேன். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், விற்காத பிரதிகளை உங்கள் மகன் இங்கே இறக்கிவிட்டுப் போனார். கடை முழுக்க ஈரத்தாள் வாசம். மெஷின் இப்போது ஆடவில்லை. அந்தப் புத்தகம் உருப்படியாகச் செய்த முதல் வேலை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கடைக்கு டைப்பிங் வேலைக்கு வந்த புதிதில்தான் உங்கள் கையெழுத்துப் பிரதி என்னிடம் வந்தது. கபடி ஆடியே கடவுளை அடையும் ஒரு பெண்ணின் கதை. 'கபடி கபடி' என்பது மந்திரம், மூச்சடக்கிப் பாடிப் போவது யோகம், நடுக்கோடு பிறவிக் கடல். எதிராளியின் காலைப் பிடிப்பது சரணாகதி என்று ஒரு முழு அத்தியாயம். காலைப் பிடித்து விழுந்தால் முழங்கைத் தோல் உரியும் என்று ஒரு வரி இல்லை. விசிலைத் தவிர எதையும் பிடித்திராத எங்கள் கல்லூரி கோச்சான உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

கடைசி அத்தியாயத்தில் என் விரல்கள் நின்றன. அது ராஜபாளையத்தில் கல்லூரி அணிக்காக நான் ஆடிய இறுதிப் போட்டி. கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஜெயிக்க வைத்த பிள்ளைக்கு ஆண்டாள் கோயில் வாசலில் கட்டிய துளசி மாலை போடுவது நம் அணியின் வழக்கம். என் தலைக்கு மேல் வந்த மாலையை வாங்கி, எங்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்த மில் முதலாளிக்குப் போட்டீர்கள்.

"ஒனக்கு எதுக்குட்டி மாலை? ஆடுறது நம்ம கடமை. பலன் பகவானுக்கு."

பகவான் அன்று சஃபாரி உடையில் வந்திருந்தார்.

மம்சாபுரத்திலிருந்து களையெடுப்பை விட்டுவிட்டு வந்த அம்மா, பஸ்ஸில் ஒன்றுதான் கேட்டாள்: "செத்த நேரம் போட விட்டுட்டு வாங்குனா அவியளுக்கு என்ன கொறைஞ்சிரும்?" எனக்குப் பேச வராது.

நாவலில் நீங்கள் எழுதியிருந்தது: 'அவள் மாலையைச் சூடி அழகு பார்த்தாள். புன்னகையோடு கழற்றிக் கொடுத்தாள்.' ஆண்டாள் ஊரிலேயே குடியிருந்துகொண்டு, சூடவே விடாமல் பிடுங்கியதைச் சூடிக் கொடுத்ததாக எழுத உங்களுக்குக் கை கூசவில்லை.

அந்த இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன். 'யாருக்கும் கொடுக்கவில்லை' என்று அடித்தேன். புரூஃபை நீட்டியபோது, "என் எழுத்துல பிழை இருக்காது பிள்ள" என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்கள்.

வெளியீட்டு விழாவில் ஒரு தமிழாசிரியர் அந்த வரியைத்தான் வாசித்தார். "புஸ்தகம் பூரா பகவானுக்குக் குடு குடுன்னுட்டு, கடைசில இப்பிடி எப்பிடி சார் தோணுச்சு?"

பின்வரிசையிலிருந்து உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் ஒரு நொடி விழித்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அது நான் எழுதல. ஏதோ ஒரு சக்தி எழுதுச்சு" என்றீர்கள். கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். அதை மட்டும் நீங்களே சூடிக்கொண்டீர்கள்.

மிச்சப் பிரதிகள் நாளை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஒன்றிலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பையில் வைத்திருக்கிறேன். நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"கொடுக்கலைல்லா?" என்றாள்.

"இல்லம்மா."

"இன்னொருக்கா வாசி."