காவல் நேரமும் திறவாத மறைதடமும்

நலம் பொலிக. ஆலவேலி மாநகரில் அரியணை அமர்ந்து நீர்மலை நாட்டைக் காக்கும் பேரரசி முத்தாரநாச்சியார் திருவுளப்படி, எல்லைக் கோட்டைகளின் தலைவர்களும், அவர்தம் படையினரும், அங்கங்கே கணிப்பொறி காக்கும் அலுவலரும் காண விடுத்த ஓலை. உங்கள் மதில்கள் உறுதியாக நிற்க. உங்கள் கிணறுகள் வற்றாதிருக்க. உங்கள் வாயிலில் நுழைவோர் தாம் சொல்லும் பெயரினராகவே இருக்க.

அரசச் செய்திகள் யாவும் விபிஎன் என்னும் மறைதடத்தின் வழியே உங்கள் லினக்ஸ் பொறிகளை வந்தடையும் இக்காலத்தில், குதிரையும் ஓலையும் எதற்கு என்று நீங்கள் ஐயுறலாம். ஐயுறுவது முறையே. மறைதடத்தின் மீதே ஐயம் எழுந்தபின், அந்த ஐயத்தை அதே தடத்தில் எழுதி அனுப்புதல் தகாது. ஆகவே நெடுங்கணவாய்க் கோட்டையில் நிகழ்ந்ததை இவ்வோலை வழியே அறிக.

அக்கோட்டையின் மேற்கு வாயிலுக்கு அப்பால் நம் பகைவராகிய கருங்கானல் நாட்டார் பாடி இறங்கியிருக்கின்றனர். கோட்டைத் தலைவர் ஏனாதி வீரட்டர், பறக்கும் காக்கையையும் யார் அனுப்பியது என்று கேட்கும் இயல்பினர். அங்கே மறைதடம் காப்பவள் கொடிநங்கை. கேட்டாலன்றிப் பேசாதவள். பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்பது வீரட்டரின் துணிபு.

பெருமழையில் ஒருநாள் கம்பி அறுந்தது. கம்பியைச் சீர்செய்தபின் கொடிநங்கை மறைதடத்தை மீண்டும் திறக்க முயன்றாள். தன் பெயரை இட்டாள், கடவுச்சொல்லை இட்டாள், பின்னர் நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் குறியெண்ணையும் இட்டாள். கோட்டைக்குள் கைப்பேசிக்கு இடமில்லையாதலால் அக்குறியெண்ணை அந்தப் பொறியே கணித்துத் தருவது வழக்கம். தலைநகரின் சர்வர் உள்நுழைவை மறுத்தது. அவள் மீண்டும் முயன்றாள். மீண்டும் மறுத்தது. பலமுறை தட்டியும் சரியான சொல் வராமையால், யாரோ அவள் பெயரில் நுழையப் பார்க்கிறார் என்று அஞ்சிய சர்வர், அவள் பெயரையே பூட்டிவிட்டது. தலைநகரிலிருந்து குதிரைவீரன் வந்து இதனை அறிவித்தான்.

வீரட்டருக்கு அதுவே போதுமானதாயிற்று. நேற்றுவரை திறந்த கதவு இன்று திறக்கவில்லையெனில் சாவி கைமாறிவிட்டது என்றே பொருள், பூட்டுக்கா பைத்தியம் பிடிக்கும் என்று அவையில் கேட்டார். கொடிநங்கை தான் எதையும் விற்கவில்லை என்று ஒரே முறை சொன்னாள். விற்றவள் வேறெப்படிச் சொல்வாள் என்று ஒரு வீரன் பின்னாலிருந்து சொல்ல, அவை நகைத்தது. நெடுங்கணவாயில் நாட்டைக் காட்டிக்கொடுத்தவரைக் கதவடைக்கும் முரசு ஒலிக்கையில் மேற்கு வாயிலுக்கு வெளியே விட்டு அடைப்பர். எவருக்கு உழைத்தாளோ அவரே அவளுக்குச் சோறு போடட்டும் என்று தீர்ப்பாயிற்று; வீரன் ஒருவன் மதில்மேல் முரசறைந்து அதைக் கூவினான். அவ்வாயிலைத் தாண்டிய நம்மவர் எவரும் உயிரோடு திரும்பியதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அன்று பிற்பகல், உசாவும் பொருட்டுப் பேரரசி அனுப்பிய அமைச்சர் நம்பிக்கூத்தனார் கோட்டையை அடைந்தார். அவரும் ஐயத்தோடுதான் வந்தார். தலைநகர் விட்டுப் புறப்படும்போதே அவர் மனத்தில் கொடிநங்கை குற்றவாளியாகப் பாதி உருவாகியிருந்தாள். ஆயினும் மீதிப் பாதியைக் கண்ணால் காணாமல் தலையசைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொடிநங்கையைப் பொறியின் முன் அமர்த்தி, தாம் கேட்பதை மட்டும் தட்டுமாறு பணித்து, அவள் விரல்களையே நோக்கியிருந்தார். கம்பியில் உயிர் உண்டா என்று முதலில் பார்த்தார். வெளிவலை தடையின்றி வந்தது. சர்வரின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி கிடைக்கிறதா என்று பார்த்தார், கிடைத்தது. காவல்சுவர் மென்பொருள் தடத்தின் வாயிலை மறிக்கிறதோ என்று பார்த்தார், மறிக்கவில்லை. சான்றிதழ்க் கோப்பு காலாவதி ஆகவில்லை. சர்வர் கதவுவரை வந்து, பெயர் கேட்டு, பின்பே மறுக்கிறது. ஆகவே வழியில் பழுதில்லை, ஆளிடம்தான் பழுது என்று அவர் உள்ளம் தீர்ப்பை நோக்கிச் சாயத் தொடங்கியது. கொடிநங்கை அதை அவர் முகத்தில் படித்திருக்க வேண்டும். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இறுதியாக ஒன்று செய்வோம் என்று அமைச்சர் அவளை எழச்செய்து, குறியெண் கணிப்பதற்கெனப் பேரரசி தமக்கு நேரில் அளித்த திறவுகோலை அப்பொறியில் ஏற்றினார். தம் பெயரையும் கடவுச்சொல்லையும் பொறி தந்த குறியெண்ணையும் இட்டார்.

சர்வர் அவரையும் மறுத்தது.

மறுமுறை இட்டார். மறுமுறையும் மறுத்தது. வாயிலில் நின்ற வீரர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இவர் அமைச்சர்தானா, அல்லது அமைச்சரின் அங்கவஸ்திரத்தை மட்டும் யாராவது அனுப்பி வைத்தார்களா என்று ஒருவன் முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. வீரட்டர் எழுந்து வந்து, அமைச்சரை ஏற இறங்க நோக்கி, ஐயா பெரியவரே, தலைநகர் உம்மை அறியாதாமே, பின் நாங்கள் எப்படி அறிவது என்று வினவினார். கதவைச் சாத்தச் சொன்னார். உசாவ வந்தவர் உசாவப்படுபவளோடு ஒரே அறையில் அடைபட்டார்.

அவ்வேளையில் நம்பிக்கூத்தனார்க்கு ஒன்று விளங்கியது. தம் திறவுகோலை எவரும் விற்கவில்லை என்பதைத் தாம் உறுதியாக அறிவார். அதை மறுத்த ஒன்று, அவளுடையதையும் அதே காரணத்துக்காக மறுத்திருக்கலாம். அந்தக் காரணம் என்ன என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சர்வர் காப்போர் மீது ஐயுற்றார். வீரட்டர் மீது ஐயுற்றார். தம் நினைவின் மீதும் சற்று ஐயுற்றார்.

முரசு ஒலித்தது. வீரர் உள்ளே வந்து கொடிநங்கையின் தோளைப் பற்றினர்.

அமைச்சர் சாளரத்தை நோக்கினார். வெயில் இன்னும் முகட்டில் நின்றது. தலைநகரில் திருத்தி வந்த தம் கைக்கடிகாரத்தை நோக்கினார். கதவடைக்கும் வேளை வரவில்லை, முரசு முந்திவிட்டது, வேளைக்கு முன் தண்டனை செய்தல் முறையன்று என்று உரத்துக் கூறினார். வீரருள் மூத்தவன் நகைத்து, இது நெடுங்கணவாய் ஐயா, இங்கே சூரியனே எங்கள் முரசைக் கேட்டுத்தான் மலை இறங்குவான் என்றான். காவலர் ஒருவரும் பிந்தலாகாது என்பதற்காகக் கோட்டைக் கடிகாரங்கள் அனைத்தையும் முன்னே தள்ளி வைப்பது அங்கே தொன்றுதொட்ட வழக்கம் என்றும், அதற்குக் காவல் நேரம் என்று பெயர் என்றும் பெருமையோடு விளக்கினான்.

அனைத்தையுமா என்று அமைச்சர் கேட்டார். வீரன் விடை கூறுமுன் கொடிநங்கை பேசினாள். பொறியின் கடிகாரத்தையும் தானே முன்தள்ளியதாகவும், அது தலைநகரிடம் நேரம் கேட்டுத் தானே திருத்திக்கொண்டே இருந்ததால், அவ்வாறு கேட்பதையே நிறுத்துமாறு தலைவர் பணித்ததாகவும், தான் நிறுத்தியதாகவும் சொன்னாள். அப்போது தடம் திறந்தே இருந்தது. திறந்த தடம் அறுபடும்வரை மீண்டும் குறியெண் கேட்பதில்லை. மழையில் அறுபட்டபோதோ, கடிகாரத்தின் நினைவு எவருக்கும் வரவில்லை.

நேரத்தைக் கொண்டே குறியெண் கணிக்கப்படுகிறது. இன்னும் பிறவாத நேரத்தின் குறியெண்ணை ஏந்திக் கோட்டை தட்டியது. தன் நேரத்தில் நின்ற சர்வர் அதை அறியவில்லை.

வீரட்டர் இதை நம்பவில்லை. கடிகாரத்தைத் திருப்பும் சாக்கில் தலைநகர் என் கோட்டைக்குள் கையை நீட்டுகிறது, இருவரும் பொறியைத் தொடலாகாது என்றார். அமைச்சர் வாதிடவில்லை. அப்படியாயின் தாங்களே தொடுக என்றார். வெளியே வாயிற்கதவின் சங்கிலி இழுபடும் ஓசை கேட்டது. வீரட்டர் அமர்ந்து, கொடிநங்கை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, நேரத்தை வெளிவலை வழியே மீண்டும் தலைநகரிடம் கேட்டுப் பெறும் ஆணையை ஒற்றை விரலால் டெர்மினலில் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் இது எதற்கு என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். வீரன் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

திரையின் கடிகாரம் பின்னுக்குத் தாவியது. அமைச்சர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய குறியெண்ணையும் சொல்ல, வீரட்டரே இட்டார். மறைதடம் திறந்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வீரட்டர் அவற்றைப் படித்துப் பார்த்தார். பின்னர் வாயிலை அடைக்கச் சொன்னார். கொடிநங்கை உட்புறம் இருந்தாள்.

இவற்றைக் கேட்டருளிய பேரரசி ஆணையிடுவதாவது:

காவல் நேரம் முரசுக்கு உரியது. அதனை முரசோடு நிறுத்துக. பொறிக்கு நாடு முழுதும் ஒரே நேரம். இவ்வோலை கண்டவுடன் அவரவர் கோட்டைப் பொறியின் கடிகாரத்தை நோக்கித் திருத்துக. இனி மறைதடம் திறவாதபோது கம்பியையும் முகவரியையும் காவல்சுவரையும் சான்றிதழையும் நேரத்தையும் நோக்குக. பின்னும் திறவாவிடில் மற்றொருவர் திறவுகோலை இட்டுப் பார்க்க. இத்தனையும் தீர்ந்தபின் எஞ்சினால் மட்டுமே மனிதர்மேல் ஐயம் கொள்க.

வீரட்டர் தம் பதவியில் தொடர்க. எல்லையில் ஐயமற்ற தலைவர் நமக்கு வேண்டா. ஆயின் கொடிநங்கை நாட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று மதில்மேல் நின்று கூவியவன் எவனோ, அவனே அதே இடத்தில், அதே முரசறைந்து, அவள் குற்றமற்றவள் என்று கூவுக. வீரட்டர் அவனருகே நிற்க. பூட்டப்பட்ட அவள் பெயரைச் சர்வர் காப்போர் விடுவிக்க. அவள் தனக்கென வேண்டியது ஒன்றே: தான் பணி செய்கையில் முதுகுக்குப் பின் எவரும் நிற்றலாகாது என்பது. அது அவளுக்கு அளிக்கப்பட்டது. அந்த அறையின் கதவை இனி அவளே உட்புறமிருந்து தாழிடுவாள்; தலைவரும் தட்டியே நுழைக.

பேரரசி திருவாய்மொழிப்படி திருமுக எழுத்தன் பொன்னம்பலக்கூத்தன் எழுத்து. இருமருங்கும் நீர்மலை முத்திரை. முத்திரையைத் தடவிப் பார்த்து, மெய்யென்று தெளிந்தபின் பணிக.